மாதாப்பூருக்குப் போன கேரியர்

என் மருமகள் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு மதியச் சாப்பாடு என் கையால்தான் போனது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒட்டன்சத்திரத்திலிருந்து வெங்காய லாரியில் ஏறி இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து, போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை இறக்கி, அதே மார்க்கெட்டில் சொந்தமாகக் காய்கறி மண்டி போட்டவன். இப்போது மண்டியை மகன் பார்க்கிறான். மனைவி காலமான பிறகு அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய், லோடு பிரிக்கும்போதே நல்ல காயாக எடுத்து வந்து, குழம்பும் ரசமும் பொரியலும் வைத்துவிடுவேன். இந்த ஊரில் இத்தனை ருசியாகச் சமைக்கிற மாமனார் இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள்.

எங்கள் மண்டி ஆட்டோ தினமும் மாதாப்பூர் ஓட்டல்களுக்குக் காய் போடப் போகும். மருமகளின் சாப்பாட்டுக் கேரியரும் அதிலேயே போகும். ராத்திரி மருமகள் அதைக் காலியாகக் கொண்டுவருவாள். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. மார்க்கெட்டில் நான் சொல்லாத ஆள் கிடையாது.

ஒரு நாள் ஆட்டோ டிரைவர் லீவு. காய்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, கேரியரை நானே காரில் எடுத்துக்கொண்டு போனேன். வழியில் எங்கும் நிற்காததால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். அவள் ஆபீசுக்கு எதிரே ஒரு சின்ன ஜப்பான் சாப்பாட்டுக் கடை. நாலைந்து ஸ்டூல்கள், ஒரு கவுண்டர், அவ்வளவுதான். வருகிறவர்கள் டப்பாவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். அந்த வரிசையில் என் மருமகள் நின்றாள். பக்கத்தில் ஒரு தெலுங்குப் பெண், கூட வேலை செய்கிறவள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மாமா, நீங்களா வந்தீங்க?"

"டிரைவர் லீவு. நீ இங்க என்ன பண்ற அம்மணி?"

"சாப்பிடத்தானுங்க மாமா."

"அப்ப இது?" கேரியரைத் தூக்கிக் காட்டினேன்.

கூட நின்ற பெண் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"வண்டி எல்லா ஓட்டல்லயும் காய் இறக்கிட்டு இங்க வர்றப்ப ரெண்டு மணி தாண்டிருதுங்க மாமா. இங்க எல்லாரும் பன்னெண்டரைக்கே சாப்பிட்டுருவாங்க. மொதல்ல கொஞ்ச நாள் காத்திருந்து நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிட்டேன். யாரும் என்கிட்ட பேசக்கூட இல்ல. மனசுவிட்டுப் பேசறதே இந்த அரைமணி நேரந்தானுங்க."

"என்னோட சோறு?"

"நாலு மணிக்குச் சாப்பிடறேனுங்க மாமா. ஒரு நாளும் கொட்டுனதில்ல, சாமி சத்தியமா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

அவள் தரையைப் பார்த்தாள். "நிறுத்துங்கன்னு சொன்னா, நீங்க அடுப்படிப் பக்கமே போகாம சும்மா உக்காந்துருவீங்களோன்னுதான்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மண்டியைக் கொடுத்தாயிற்று. கேரியரும் இல்லை என்றால் விடிந்ததும் நான் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்த பயத்தை இவள் கண்டுபிடித்து, அதற்காகத் தினமும் ஆறின சோற்றைத் தின்றிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தால் மார்க்கெட் முழுக்கக் கேட்கும். அன்று கோபம் வரவில்லை, பசிதான் வந்தது. "எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றேன்.

ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி, மேலே பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு, தலைமுடி போலச் சீவிய முட்டைக்கோஸ், கையோடு ஒட்டுகிற சோறு. தனிக் கிண்ணத்தில் கலங்கலாக ஒரு சூப். பார்த்ததும் ரசம் என்று முடிவு செய்து, சோற்றில் குழி பறித்து ஊற்றிப் பிசைந்தேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், ஓ பீனே கா ஹை." அது குடிக்கிறதாம்.

"நக்கோ பேட்டி, ஹம் ஐசாச் காத்தே" என்றேன். நாங்கள் இப்படித்தான் சாப்பிடுவோம்.

உப்புத் தூக்கலான பருப்புத்தண்ணி மாதிரி இருந்தது. மோசமில்லை. புளியும் மிளகும் தட்டிப் போட்டிருந்தால் இன்னும் எடுபடும். சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள், எழுதிக்கொள்ளவில்லை.

இதற்குள் மருமகள் கேரியரைத் திறந்துவிட்டாள். அவளும் தோழியும் ஒரே தட்டில் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டார்கள். "ஆன்ட்டி செஞ்சாங்களா?" என்று தெலுங்கில் கேட்ட தோழியிடம், "நான்தான் செஞ்சேன்" என்று தெலுங்கிலேயே சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

மருமகள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சூடா இருக்குதுங்க மாமா. இது இப்படியா இருக்கும்?"

லீவு நாளில் அவளும் மகனும் வெளியில்தான் சாப்பிடுவார்கள். அதாவது, இத்தனை நாளும் நாலு மணிக்கு ஆறிப்போய் எண்ணெய் உறைந்த குழம்பை வைத்துத்தான் என் சமையலை எடை போட்டிருக்கிறாள். அதிலேயே நான் பாஸ்.

"நாளையிலிருந்து கேரியர் வராது" என்றேன்.

அவள் முகம் வாடியது. "கோச்சுக்கிட்டீங்களா மாமா?"

"மதியானம் நீ உன் ஆளுங்களோட சாப்பிடு. ராத்திரிச் சோறு இனிமேல் என்னுது."

"ராத்திரிக்குச் சப்பாத்தி போட ஒரு அம்மா வர்றாங்களே."

"போடட்டும். குழம்புல அவங்க கை வைக்கக்கூடாது."

"வண்டி நெரிசல்ல நான் வர எட்டாயிரும். அதுவரைக்கும் நீங்க சாப்பிடாம இருக்கக்கூடாது."

"அதை நீ சொல்லாத. நீ வந்து உக்காந்தப்புறம்தான் தாளிப்பேன்."

அவள் தோழியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். என் மாமாவோடு பேரம் பேச முடியாது என்பது மட்டும் காதில் விழுந்தது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. அவள் டப்பாவில் மீதி வைத்த கோழியையும் தின்றபடி, இன்றைக்கு ராத்திரி பாகற்காயா, முருங்கைக்காயா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.