தையல் பிரிந்த பந்து

திண்டுக்கல் மைதானத்தில் பொழுது சாய்கிறது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எங்கள் மதுரைக் கல்லூரி அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. சமன் செய்தாலே புள்ளிக்கணக்கில் கோப்பை எங்களுடையது. இவ்வேளையில் பந்தின் தையல் பிரிந்து, உள்ளிருக்கும் ரப்பர்ப் பை பிதுங்குகிறது. மாற்றுப் பந்து இல்லை. இருட்டிவிட்டால் உள்ளூர் அணியே வென்றதாகும் என்கிறார் நடுவர்.

பந்தைச் செய்துகொடுத்த உள்ளூர்த் தோல்கடைக்காரர் காதர் பாய் கூட்டத்தில்தான் இருக்கிறார். காற்றை இறக்கிவிட்டு, எல்லைக்கோட்டருகே குந்தி, மெழுகிட்ட நூலால் தைக்கத் தொடங்குகிறார். வெறுங்காலோடு நிற்கும் எங்கள் ஆட்டக்காரர்கள் மேற்கு வானத்தையே பார்க்கின்றனர்.

“செத்த மெதுவாத் தைங்க பாய். நீங்க எப்ப மருதக்காரரு ஆனீங்க?” என்கிறான் உள்ளூர்க் கூட்டத்தில் ஒருவன்.

“ஏலே, என் கடைப் பந்து பிரிஞ்சதாலதான் செயிச்சோம்னு எவனும் சொல்லக் கூடாது. வெளிச்சத்த மறைக்காமத் தள்ளி நில்லுங்கடா!”

நூலைப் பல்லால் கடித்தறுத்து, காற்றடித்து, பந்தைப் பயிற்சியாளரான என்னிடம் எறிகிறார். “ஓடுங்க சார், பொழுது போகுது!”

ஊதல் ஒலிக்கிறது. எங்கள் முன்னணி ஆட்டக்காரன் கோலை நோக்கி ஓங்கி உதைக்கிறான்.

“அப்பு, விட்றாதடா!” என்று உள்ளூர்க் கோல்காப்பாளனிடம் கத்துகிறார் பாய்.

பந்து அவன் விரல்களைக் கடந்து உள்ளே புகுகிறது. கூட்டம் மொத்தமும் காதர் பாய் பக்கம் திரும்புகிறது.