சக்கை மரமும் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதமும்

சங்கீதங்களில் நூற்றுப்பத்தொன்பதுதான் நீளம். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனம் என்று, முதல் எழுத்து தொடங்கிக் கடைசி எழுத்துவரை, கடவுளுடைய வேதத்தின் மேல் தனக்குள்ள ஆசையை ஒரு மனிதர் சொல்லிக்கொண்டே போகிறார். ஆராதனையில் யாராவது இதை முழுதாக வாசிக்க எழுந்தால், அடுப்பில் மீன்குழம்பை வைத்துவிட்டு வந்த பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தச் சங்கீதத்தின்மேல் தனிப் பிரியம். காரணம் பக்தி மட்டுமல்ல. இவர் வேதத்தைப் புகழ்ந்துகொண்டே இருப்பார். நடுவில் திடீரென்று அகங்காரிகளை ஒரு பிடி பிடிப்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடியும் புகழத் தொடங்குவார். என் சுபாவமும் ஏறக்குறைய அதுதான்.

போன வருடம் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்கு உபதேசியார் ஒரு யோசனை கொண்டுவந்தார். சபையில் போதகருக்கு அடுத்தபடி எங்களை மேய்ப்பவர் அவர்தான். வீட்டுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக்கொண்டு, அதன் எட்டு வசனங்களையும் வீட்டுத் தலைவர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தவர் அடுத்த வீட்டுக்காரரிடம் நடந்து போய், மூடிய வேதாகமத்தைக் கையில் கொடுத்து, அவருடைய எழுத்தைச் சொல்லி அழைக்க வேண்டும். யாரும் யாருக்கும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தெருவில் வீடு போதாமல் அடுத்த தெருவிலிருந்து இரண்டு வீடுகளை இரவல் வாங்கினோம். ஒரே வாரத்தில் எழுத்துகள் வீட்டுப் பெயர்களாகிவிட்டன. “ரேஷ் வீட்டுல முருங்கக்கீர கெடக்கு, ஒரு பிடி வாங்கிட்டு வா” என்கிற அளவுக்குப் போனது.

வீட்டு வரிசைப்படி எனக்கு மேம் என்ற எழுத்து வந்தது. அடுத்த எழுத்தான நூன், அடுத்த வீட்டுக்கு. அடுத்த வீட்டில் இருப்பவர் என் சொந்த அண்ணன். அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

காரணம் ஒரு சக்கை மரம். வெளியூரில் பலா என்பார்கள். மரம் அண்ணன் வீட்டில் நிற்கிறது, கொம்பு என் வீட்டுக்குள் நீண்டது. ஒரு நாள் பழுத்த சக்கை ஒன்று என் ஷெட் கூரையை உடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. நான் ஆளை விட்டுக் கொம்பை அறுத்தேன். கொம்பில் பிஞ்சுகள் இருந்தன. அப்பா நட்ட மரம் என்று அண்ணன் சத்தம்போட்டார். அப்பா என் ஷெட்டில் நடவில்லையே என்று நானும் போட்டேன். நியாயம் இன்றைக்கும் என் பக்கம்தான்.

பெண்கள் இந்தப் பேசா விரதத்தில் சேரவில்லை. அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம். மைனியும் என் மனைவியும் மதில் வழியாகக் கறியும் கதையும் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மரத்துச் சுளையையே என் வீட்டில் எனக்குத் தெரியாமல் தின்றார்கள்.

இப்படி இருக்கும்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்தார்கள். சித்தப்பா என்று கூப்பிடப் பழகும் முன்பே என் சட்டைப்பையில் கைவிடப் பழகிய பிள்ளை அவள். மைனி கொண்டுவந்த பத்திரிகை எங்கள் மேசைமேல் கிடந்தது. நான் தொடவில்லை.

“உங்க அண்ணன் வாயால கூப்பிட்டாத்தான் போவீங்களோ?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“அப்பம் பிள்ளைக்க கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் மதிலைப் பாத்துட்டு இருங்க.”

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அவள் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருந்தால், பிறகு எதற்குப் போய் என்ன. ஆனால் நானாகப் போய் நிற்கவும் கால் வரவில்லை.

மேம் பகுதியைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் புதையல் அகப்பட்டது. அதில் சங்கீதக்காரர், பகைவர்களைவிட, போதித்தவர்களைவிட, கடைசியில் வயதில் மூத்தவர்களையும்விடத் தனக்கு அறிவு அதிகம் என்று சொல்லிக்கொள்கிறார். மூத்தவர்களைவிட. எல்லாம் வேதத்தைக் கைக்கொண்டதால் வந்தது என்கிறார், அது வேறு விஷயம். ஊர் முன்னால் அண்ணன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லலாம், யாரும் தப்புச் சொல்ல முடியாது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

தினமும் விடிந்ததும் கிணற்றடியில் மதிலோரம் நின்று பாடம் சொன்னேன். மற்ற வசனங்களை ஆண்டவருக்குக் கேட்கும்படியும், அந்த ஒன்றை அண்ணனுக்குக் கேட்கும்படியும் சொன்னேன். மதிலுக்கு அப்பால் வாளிச் சத்தம் நின்றது. மறுநாள் அங்கிருந்து நூன் எழும்பியது. காலுக்கு விளக்கு என்கிற, குழந்தைகளுக்கும் தெரிந்த அந்த வசனத்தை அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். துன்மார்க்கர் தனக்குக் கண்ணி வைக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கே கேட்கும்படி கத்தினார். எங்கள் தெருவில் வேதம் இவ்வளவு சத்தமாகத் தியானிக்கப்பட்ட காலம் வேறு கிடையாது. எங்கள் பக்தி வளர்ந்திருக்கிறது என்று உபதேசியார் சபையில் சாட்சி சொன்னார்.

கூட்டத்தன்று மாலை சங்கீதம் முதல் எழுத்தான ஆலெப்பில் தொடங்கி ஒழுங்காக என்வரை வந்து சேர்ந்தது. என் முறை வந்ததும் எழுந்தேன். மூத்தவர்கள் வசனத்தில் குரலை உயர்த்தி, அண்ணனை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்தேன். அவ்வளவு இனிப்பாக வேறெந்த வசனத்தையும் நான் சொன்னதில்லை. அந்த இனிப்பில் அடுத்த வசனம் மறந்துபோனது.

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“காலு,” என்றது ஒரு குரல். அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார். “பொல்லாத வழிக்குப் போவாத காலுலே.”

எடுத்துக்கொடுக்கக் கூடாது என்ற சட்டம் போட்ட உபதேசியார் உத்தரத்தில் பல்லி தேடினார். எனக்கு வசனம் வந்துவிட்டது. மீதியையும் சொல்லி முடித்தேன். என் எட்டும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. நான்தானே மதிலோரம் நின்று படிப்பித்தேன்.

வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். “நூன்,” என்றேன். கொம்பு அறுத்த நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணி வைக்கிற துன்மார்க்கர் வந்த இடத்தில், மதிலுக்கு அப்பால் கத்திய அந்த வசனத்தை, சட்டைப் பொத்தானைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுத் தாண்டினார்.

எல்லா எழுத்தும் முடிந்து சுக்குக்காப்பி கொடுத்தபோது, டம்ளரோடு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“லேய், அந்தச் சங்கீதத்துல அகங்காரி வாற எடத்துல எல்லாம் எனக்கு உனக்க மூஞ்சியாக்கும் தெரியுது.”

“எனக்கு உங்களுக்க மூஞ்சி.”

“அப்பம் எழுதினவரு ஆரை நெனச்சு எழுதினாரு?”

“அவருக்கும் ஒரு அண்ணன் இருந்திருப்பாரு.”

அண்ணனுக்குக் காப்பி புரையேறியது. தலையில் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துச் சொன்னார்.

“மோளுக்க கல்யாணத்துக்கு நீயாக்கும் வேதபாடம் வாசிக்கணும்.”

தலையை ஆட்டினேன்.

“புக்கப் பாத்து வாசிச்சா போரும், மக்கா,” என்றார். “மனப்பாடமா சொல்ல நிக்காண்டாம். ஆளுவளுக்குச் சாப்பிடப் போவணும்.”