காளான் கொட்டகையில் கொடுத்த பூ

நான் போலந்துக்குப் போனதில்லை. ஆனால் போகிற யாருக்கும் விவரம் சொல்லுவேன்.

வீட்டுக்குள் நுழையும்போது சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அதற்காக வெறுங்காலோடு நிற்கக் கூடாது. வாசலில் ஒரு கூடையில் துணிச்செருப்பு கிடக்கும். அதை மாட்டிக்கொள்ள வேண்டும். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்கக் கூடாது, ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அநேகமாகப் பூட்டு. சனிக்கிழமையே பாண் வாங்கி வைத்துவிட வேண்டும்.

எல்லாம் என் மனைவி போனில் சொன்னது.

அவள் அங்கே காளான் பறிக்கிறாள். பெரிய கொட்டகைக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி வளர்க்கிறார்களாம். சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து பறித்த கை. அதனால் வேகம் என்று அங்கே மேற்பார்வை பார்க்கிறவன் சொன்னானாம். நான் அவனைக் கங்காணி என்றுதான் சொல்வேன். அவள் அனுப்பிய ஒரு படத்தில் ஓரமாக நின்றான். நெட்டையான ஆள். அந்த ஓரத்தைத்தான் நான் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எனக்கு மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் வேலை. வாசனைத் தோட்டம் ஒன்றில் கறுவாப்பட்டை உரித்து, சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்குக் காட்டுவேன். இங்கிலீசு பேசுவதற்கு ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார். என் கையில் கத்தி மட்டும்.

அவள் போனது இரண்டு வருட ஒப்பந்தத்தில். "சித்திரை வருசத்துக்கு வந்துருவேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாத்தளையில் வாடகை வீடு. அவளுடைய செருப்பை வெளியே வைத்தால் நாய் தூக்கிவிடும் என்று உள்ளே எடுத்து வைத்தேன். அவளுக்கு அங்கே நீல நிறத்தில் புதுத் துணிச்செருப்பு. தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா வாங்கிக் கொடுத்ததாம்.

அந்த அம்மா விதவை. நத்தாருக்கு, இயேசு பிறந்த நாளுக்கு, முந்தின இரவு அந்த ஊரில் சாப்பாட்டு மேசையில் ஒரு பீங்கான் தட்டு அதிகமாக வைப்பார்களாம். யாராவது தெரியாத ஆள் கதவைத் தட்டினால் உட்கார வைக்க. போன வருடம் அந்தப் பீங்கானில் என் மனைவி சாப்பிட்டாள். அன்றைக்கு நான் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். பருப்பு தீய்ந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அரசியல் பேசினால் அந்த அம்மாவுக்கும் அவருடைய தம்பிக்கும் ஆகாது. அக்கா ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. அந்த மேசையில் மட்டும் அந்தப் பேச்சே எடுப்பதில்லையாம். தேர்தலுக்கு முதல் நாள் நாடே வாயை மூட வேண்டும், பிரசாரம் கூடாது. மற்ற நாட்களில் வெளிநாட்டு ஆட்கள் வரலாமா என்று சண்டை. "ஒன்னைச் சொல்லல, மத்தவங்களைச் சொல்றாங்க" என்றாராம் வீட்டுக்காரம்மா.

"பஸ்ல ஏறுனா நானும் மத்தவங்கதானேங்க" என்றாள் என் மனைவி.

யாராவது முறைத்தார்கள் என்று அவள் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம். பிடிக்காத ஊரில் இருக்க மாட்டாள், வந்துவிடுவாள்.

மார்ச் மாதம் ஒரு படம் அனுப்பினாள். தலையில் வேலைத் தொப்பி. கையில் ஒரே ஒரு சிவப்புப் பூ, கோப்பை மாதிரி. பல் தெரியச் சிரிக்கிறாள். என்னோடு எடுத்த எந்தப் படத்திலும் அவளுக்குப் பல் தெரியாது. 'மேற்பார்வை பாக்கிறவரு குடுத்தாருங்க' என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் பதில் போடவில்லை.

அடுத்த நாள் குரல் பதிந்து அனுப்பினாள். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வைக்கணும். நீங்க வேணாம்னா வேணாம். ஒரு வார்த்தை சொல்லுங்க."

போன் அடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி அடித்தது. செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் அடித்தது. எங்கள் அப்பா கோபம் வந்தால் பேச மாட்டார். அவர் பேசாவிட்டால் வீட்டில் எல்லோரும் என்ன தப்பு செய்தோம் என்று பயந்து நடப்போம். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். நான் பேசாவிட்டால் அவளும் பயந்து வந்துவிடுவாள் என்று இருந்தேன்.

சனிக்கிழமை தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. ஆறு பேர், முன்னால் ஒரு வயதான அம்மா. போலந்து என்றார் நானா. கத்தியைக் கீழே வைத்தேன்.

"நானா, அந்த அம்மாகிட்ட ஒன்னு கேளுங்க. ஒங்க ஊர்ல ஒரு ஆம்பள ஒரு பொம்பளைக்கு ஒத்தப் பூ குடுத்தா என்ன அர்த்தம்னு."

"யாரு தம்பி, யாருக்குக் குடுத்தது?"

"சும்மா கேளுங்க நானா."

கேட்டார். அந்த அம்மா, எப்போது கொடுத்தது என்று திருப்பிக் கேட்டாள். சொன்னேன். அவள் கூட வந்தவர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"மகளிர் தினமாம் தம்பி. அன்டைக்கு எல்லாப் பொம்பளைக்கும் பூவாம். கடைக்காரிக்கும் பூ, டீச்சருக்கும் பூ, கூட்டுற கிழவிக்கும் பூ. குடுக்காட்டித்தானாம் கொழப்பம். ஆனா ஒத்தைப்படையாக் குடுக்கணும், ரெட்டைப்படை சாவு வீட்டுக்காம், மையத்துக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்பவாச்சும் குடுத்திருக்கீங்களா, ஒரு கறுவாப்பட்டையாச்சும்?"

மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் போய் அவளுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஒடம்புக்கு ஒன்னும் இல்லையே?"

"இல்ல. கையெழுத்து வைக்காத. வந்துரு."

கொட்டகை விசிறிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து சொன்னாள்.

"நேத்தே வச்சுட்டேங்க."

"நான் சரின்னு சொல்லலையே."

"வேணாம்னும் சொல்லல. நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் வாயத் தொறந்தேனா? தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். பேசலன்னா சம்மதம்னு ஒங்க அப்பாதான் சொன்னாரு. தட்ட மாத்திட்டீங்க. இப்ப நீங்க பேசல. நானும் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டேன்."

கல்யாணம் முடித்துப் பதினோரு வருடம். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கங்காணியை நினைத்துப் பொறாமைப்பட்டேன், வீட்டுக்காரம்மாவை நினைத்து, அந்தப் பீங்கானை நினைத்து. எனக்கு முன்னால் அவள் மனதில் ஒருவன் இருந்தானோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

"அன்னைக்கு ஒனக்குச் சம்மதம்தானா?" என்றேன்.

அவள் சிரித்தாள். கோபமா என்று தெரியவில்லை.

"இப்பவா கேக்குறீங்க? பெல் அடிச்சிருச்சு. சாயந்தரம் நான் அடிக்கிறேன். நீங்க போன எடுங்க."

வைத்துவிட்டாள். நானா கூப்பிட்டார். போலந்துக்காரர்களுக்கு ஒரு கறுவா உரித்துக் காட்டினேன். சாயந்தரம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.