கோப்ரல் முன்னிலையில் ஒரு வேளை மருந்து

போலீஸ் நிலையத்துக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். யாரும் பிடித்து இழுக்காமல் நானாகவே போனது அந்த ஒரு தடவைதான். காடியை ஓட்டியதும் நான்தான். முன்சீட்டில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர். பின்சீட்டில் ஒரு புற்றுநோயாளியும் அவர் மனைவியும். நோயாளியின் மடியில் ஒரு பாட்டில் மார்ஃபின். அதோடு அவர் போலீசில் தன்னைத்தானே ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

நான் படித்தது படிவம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு வரை. அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. சிம்பாங் அம்பாட்டில் பலகை ஆலை, பத்து காவானில் காவல் வேலை, சிங்கப்பூரில் கோப்பை கழுவியது, லங்காவியில் படகில் கயிறு பிடித்தது என்று ஓடியது. நடுநடுவே ஒன்றும் இல்லாத காலங்களும் உண்டு. அப்போதெல்லாம் பினாங்கில் ஜார்ஜ் டவுன் அடுக்குமாடிகளின் படிக்கட்டில் படுத்துக்கொள்வேன். மூன்றாவது மாடிக்கு மேலே போய்விட்டால் கொசு குறைவு. பசி மட்டும் எத்தனை மாடி ஏறினாலும் கூடவே வரும்.

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தர்ம அமைப்புக்கு டிரைவர் தேவைப்பட்டது. தமிழ், மலாய், சண்டை போடும் அளவுக்கு ஹொக்கியன் சீனம் தெரியும் என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த டாக்டரம்மா வந்து சேர்ந்தார். குணமாகாத நோயாளிகள் வீட்டில் வலி மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள், ஏன் சாப்பிடாமல் விடுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. இந்தியாவில் பாதி செய்துவிட்டு, மீதிக்காக இங்குள்ள தமிழர்களிடம் வந்திருந்தார். இங்கே அவர் மருந்து எழுதக் கூடாது, தொடக்கூட மாட்டார். கேள்வி மட்டும் கேட்கலாம். கை கட்டிப்போட்ட சமையல்காரியைக் கல்யாண வீட்டில் உட்கார வைத்த மாதிரி தவிப்பார்.

முதல் நாளே காடியில் சொன்னார்: "எங்க பக்கத்துல இந்த மருந்துக்காக ராத்திரி பூரா பஸ் ஏறி வருவாங்கண்ணே. வந்தா ஸ்டாக் இருக்காது. திரும்பிப் போவாங்க. இங்க எல்லார் வீட்டு ஃபிரிட்ஜ்லயும் இருக்குமாமே!"

"இருக்கும் டாக்டர். குடிப்பாங்களான்னு தெரியாது" என்றேன். எங்கள் அமைப்பின் தாதியோடு ஏற்கெனவே போய்வந்த ஒரு வீட்டு ஃபிரிட்ஜை நினைத்துத்தான் சொன்னேன்.

அந்த வீட்டுக்காரரை எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடியின் அக்கம்பக்க ரோந்துச் சங்கத்துக்குப் பல வருடம் தலைவர். நீல நிற அங்கியும் கையில் பிரம்புமாகப் படிக்கட்டு படிக்கட்டாக ஏறிப் போதைப்பொருள் எடுக்கும் பையன்களைத் துரத்தியவர். பள்ளிக்கூடங்களில் மைக் பிடித்து, "ஒரு துளி போதும், குடும்பமே காலி" என்று பேசியவர். இப்போது அவருக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் ஆரம்பித்த புற்று இடுப்பெலும்புக்கும் முதுகுக்கும் போயிருந்தது. படுக்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. அக்கா, அதாவது அவர் மனைவி, பிள்ளைகள் நீச்சலுக்குப் போடும் மஞ்சள் ரப்பர் வளையத்தை வாங்கி வந்து நாற்காலியில் வைத்திருந்தார். வாத்துப் படம் போட்டது. அதன்மேல் தலைவர் அரை மணி உட்காருவார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றபடியே கண் சொருகும். தூக்கம் என்று ஒன்று அந்த வீட்டை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது.

முதல் தடவை என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"டேய், நீ நாலாவது மாடிப் படிக்கட்டுல படுத்துக் கெடந்தவன்தான?"

"ஆமா தலைவரே. நீங்கதான் பெரம்பால காலத் தட்டி எழுப்புனீங்க."

"ஓடும்போது செருப்ப உட்டுட்டுப் போன."

"இப்ப இருக்கா?"

"எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார், என்னவோ நான்தான் திருடியதுபோல.

அதன்பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் அவர் செய்யும் முதல் வேலை, மார்ஃபின் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு மருந்தின் மட்டத்தைக் குறித்துக்கொள்வது. போகும்போது இன்னொரு தடவை பார்ப்பார். தானும் குடிக்க மாட்டார், நான் குடித்துவிடுவேனோ என்ற காவலையும் விட மாட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாட்டில் தொடாத நிலையில் சாம்பார்த்தூளுக்கும் முட்டைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா கேட்டார்: "வலி எப்படிங்க ஐயா? வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து. நீங்க எவ்வளவு சொல்வீங்க?"

"ரெண்டு."

"பொய் டாக்டர்" என்றார் அக்கா அடுப்படியிலிருந்து. "காலையில சுவத்துல முட்டிக்கிட்டு அழுதாரு."

"நீ சும்மா இரு. அது ரெண்டுக்கு அழுவுறதுதான்."

"மருந்து ஏன் சாப்பிடலங்க ஐயா? ருசி பிடிக்கலியா? பழகிப்போயிரும்னு பயமா? வீட்டுல வேண்டாம்னு சொல்றாங்களா? இல்ல, அத குடிச்சாலே கடைசிக் கட்டம்னு நெனைக்கிறீங்களா?" டாக்டரம்மா தாளைப் பார்த்துப் படித்தார். இந்தியாவில் எல்லாரும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத்தான் சொன்னார்களாம்.

"அதெல்லாம் இல்ல. சங்கத்துக்காரன் என்னா பேசுவான்? நான் எத்தன பேர இந்தச் சாமானுக்காகப் புடிச்சுக் குடுத்திருக்கேன்! இப்ப நானே வீட்டுல ஒளிஞ்சு உக்காந்து குடிச்சா? அந்தப் பதில் உங்க பேப்பர்ல எங்க இருக்கு?"

டாக்டரம்மா தேடினார். இல்லை. கடைசியில் 'மற்றவை' என்ற இடத்தில் எழுதத் தொடங்கினார். இடம் போதாமல் ஓரமெல்லாம் நிரம்பியது.

இது மருந்துதான், உங்கள் பெயரே அதில் ஒட்டியிருக்கிறது என்று தாதி சொல்லிப் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டர் தொலைபேசியில் சொன்னார். அக்கா அழுது பார்த்தார், பிறகு பாத்திரங்களை உருட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை நாங்கள் போனபோது தலைவர் ரோந்து அங்கி மாட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்ததால் அங்கி கொடிக்கம்பத்தில் சட்டை போட்ட மாதிரி தொங்கியது.

"டேய், காடிய எடு. ரிப்போட் பண்ணப் போவணும்."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் நாட்டில் எதற்கும் போலீஸ் ரிப்போர்ட் உண்டு. ஐசி என்கிற அடையாள அட்டை தொலைந்தால் ரிப்போர்ட். பக்கத்து வீட்டுக்காரன் எலுமிச்சம்பழத்தை வாசலில் உருட்டிவிட்டால் ரிப்போர்ட். கோயில் கமிட்டி இரண்டாக உடைந்தால் இரண்டு தரப்பும் ஒரே காலையில் போய் ஒருவர்மேல் ஒருவர் எழுதிவைத்துவிட்டு, ஒரே கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். அதன்பிறகு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. எழுதியாகிவிட்டது, மனசு ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

"யார் மேல ரிப்போட் தலைவரே?"

"என் மேலதான்."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, இவரு நிஜமாத்தான் சொல்றாரா?"

"நிஜம்தான் டாக்டர். நீங்க வரணும்னு இல்ல."

"வராம எப்படி? என் ஆராய்ச்சில ஆள் ஜெயிலுக்குப் போனா நான் என்னன்னு எழுதுறது?"

லிஃப்ட் வேலை செய்தது, அது ஒரு புண்ணியம். ரப்பர் வளையத்தைக் காடிக்குள் வைத்து அவரை ஏற்றினோம். வழியில் ஒவ்வொரு குழிக்கும் என் பரம்பரையையே திட்டினார். குழியை நான் வெட்டவில்லை என்றேன். பார்த்து ஓட்டலாமே என்றார். நியாயம்தான்.

நிலையத்தில் முகப்பு மேசையில் ஒரு தமிழ்க் கோப்ரல் இருந்தார். தலைவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பழைய பழக்கம்.

"அலாமாக், தலைவரே! என்னா இப்படி எளச்சிட்டீங்க? நீங்க ஃபோன் பண்ணாததால எங்களுக்கு லீவு மாதிரி இருக்குலா."

தலைவர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். "இது மார்ஃபின். இத நான் குடிக்கப் போறேன். எழுதிக்குங்க."

கோப்ரல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி பேரு இருக்கு. உங்க பேரு இருக்கு. இதுல குத்தம் எங்க இருக்கு?"

"குத்தம் இல்லன்னு எழுதிக் குடுங்க."

"குத்தம் நடக்காததுக்கு எப்படித் தலைவரே ரிப்போட் எழுதுறது? அப்படி எழுத ஆரம்பிச்சா பினாங்கு பூரா வந்து லைன்ல நிக்கும்."

"நான் எத்தன பேரு மேல எழுதியிருக்கேன்! அப்பல்லாம் உங்க பேனா ஓடுச்சு. என் பேருன்னா ஓடாதா?"

கோப்ரல் என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

"டிரைவர்."

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனே."

"படிக்கட்டு" என்றார் தலைவர். அது போதுமானதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. அது வரும்போது எங்களுக்கே தெரியும். முகம் ஒரே நொடியில் சாம்பல் நிறமாகும். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வராமல் இருக்க என்ன செய்கிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. அக்கா அவர் முதுகைத் தொடப்போய், தொட்டால் வலிக்கும் என்று கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னென்னவோ பார்த்தவன் நான், அந்தப் பாதியில் நின்ற கையைப் பார்க்க முடியாமல் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

மூச்சு திரும்பியதும் தலைவர் சொன்னார்: "சரி, எழுத வேணாம். உங்க முன்னாலயே குடிக்கிறேன். ஒளிஞ்சு குடிச்சேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. பாருங்க."

"பாக்குறேன் தலைவரே. குடிங்க. மொதல்ல குடிங்க" என்றார் கோப்ரல்.

மருந்தை அளப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஊசியில்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு கொடுப்பார்கள். அக்கா கைப்பையிலிருந்து அதை எடுத்தார். எங்களுக்கு நேர் பின்னால், போதைப்பொருளுக்குத் தண்டனை தூக்கு என்று கயிற்றுப் படத்தோடு ஆளுயரச் சுவரொட்டி. அதன் கீழே, போலீஸ் நிலையத்தின் நடுவில், ஒரு அம்மா மார்ஃபின் பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தேநீரோடு வந்த இன்னொரு போலீஸ்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, என் விசா!" என்று டாக்டரம்மா என் சட்டையைப் பிடித்தார்.

"நீங்க தொடல டாக்டர். கைய மேல தூக்கிக் காட்டுங்க."

அவர் நிஜமாகவே தூக்கினார்.

தலைவர் வாயைத் திறந்தார். அக்கா உள்ளே விட்டார். அவர் விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வயிற்றுப்பூச்சி மருந்து குடித்த பிள்ளைபோல நாக்கை நீட்டிக் கோப்ரலிடம் காட்டினார். கோப்ரலும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"இப்பக் கெளம்பலாமா?" என்றேன்.

"எங்க கெளம்புறது? போத ஏறி நான் ஏதாச்சும் பண்ணுனா? இங்கயே இருக்கேன். புடிக்கச் சௌகரியம்."

சுவரோர பெஞ்சில் உட்கார வைத்தோம். பைத்தியம் பிடிக்கக் காத்திருந்தார். இடையிடையே "ஒண்ணும் ஆவலியே" என்று கோப்ரலிடம் தகவல் கொடுத்தார். அவரும் "ம், சரி தலைவரே" என்று ஏற்றுக்கொண்டார். பிறகு தகவல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக் கடித்து இறுகிப்போயிருந்த தாடை மெல்லத் தளர்ந்து தொங்கியது. தலை அக்காவின் தோளில் சாய்ந்தது. ஒரு குறட்டை வந்தது. பழைய லோரி மேடேறும் சத்தம்.

டாக்டரம்மா பதறி அவர் மூச்சைக் கவனித்தார். வெகுநேரம் கவனித்தார். "சாதாரணத் தூக்கம்தான். அலுப்பு" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

தலைவர் அதற்குப் பிறகும் சில மாதங்கள் உயிரோடு இருந்தார். வேளை தவறாமல் குடித்தார். வேறு நோயாளிகள் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "போலீசே பாத்திருச்சு, நீ குடிலா" என்று அதட்டவும் செய்தார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முற்பகல்தான்.

கோப்ரல் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, ஆளுங்க வர நேரம். எழுப்பிக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அக்கா அசையவில்லை. "எழுப்புனா ஒங்க மேல நான் ரிப்போட் பண்ணுவேன்."

கோப்ரல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்கள் வந்தார்கள். ஐசி தொலைத்த ஒரு சீனப் பெரியவர் வாசலிலேயே உரக்க ஆரம்பித்தார். அக்கா உதட்டில் விரலை வைத்தார். பெரியவர் தூங்குகிறவரைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோப்ரலும் தாழ்ந்த குரலிலேயே கேட்டு எழுதினார். அடுத்து இரண்டு பேர் காடி நிறுத்தும் இடத்துக்காக அடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போயிருந்தது, மற்றவருக்கு உதடு வீங்கியிருந்தது.

"சார், இவன்தான் சார் மொதல்ல—"

"மெதுவா" என்றார் கோப்ரல், பெஞ்சைக் கண்ணால் காட்டி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பொத்தான் போனவர் எட்டி, வீங்கிய உதட்டுக்காரரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மிக மிக மெதுவாக, அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வீங்கிய உதட்டுக்காரர் அதே மெதுவான குரலில் பதில் திட்டு கொடுத்தார்.