ஆயுத பூஜையன்று எடுத்த ஸ்பேனர்

வங்காளிப் பேட்டையான பெஹாலாவில் வாஞ்சிநாதனின் காரைத் தொட்டுப் பிழைத்த மெக்கானிக் கிடையாது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்கிற கட்சி. ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது எல்லாம் அவர் கையாலேயே நடக்கும். இவ்வளவு சீராட்டிய கார் போவதற்குத்தான் இடமில்லை. மனைவி ஜகதாம்பாள் போய் மூன்று வருஷம் ஆகிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷம் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் காய்கறிப் பை உட்கார்ந்து வரும்.

துர்கா பூஜை பார்க்க மகள் பூர்ணிமா பெங்களூரிலிருந்து வருகிறாள் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நவமியன்று மத்தியானம் ஒரு மணிக்கு விமானம் வந்து இறங்கும். வாடகைக் கார் எதற்கு, நானே வருகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் மிச்சமாகும் என்பது வெளியே சொன்ன காரணம். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் போனும் கையுமாக அறைக்குள் போய்விடுவாள். காரில் வந்தால் ஒன்றரை மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஆசை.

தெருமுனை மெக்கானிக் ஷ்யாம், போன மாதம் விஸ்வகர்மா பூஜையன்றே பேட்டரியை மாற்றச் சொன்னான். இன்னும் ஒரு வருஷம் வரும் என்று இவர் தட்டிக் கழித்துவிட்டார்.

ஊர்க்காரர்கள் தங்கள் கருவிகளுக்கு அந்த விஸ்வகர்மா பூஜையன்றே பூஜை முடித்துவிட்டார்கள். இவருக்கு நவமிதான் ஆயுத பூஜை. காலையிலேயே ஸ்பேனர்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, ஜகதாம்பாள் படத்தின் முன்னால் அடுக்கினார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. அவள் இருந்தவரை கத்தரிக்கோலைக்கூட எடுக்க விட்டதில்லை.

பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஷ்யாமின் கடை பூஜைக்கு நாலு நாள் பூட்டு. வெந்நீர் ஊற்றித் தானே கழுவிவிடலாம். ஆனால் கழற்றி இறுக்கப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும்.

படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"பொண்ணுக்காகத்தான்டி" என்று சொல்லிவிட்டு எடுத்தார்.

இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை கார் கிளம்பியது. அப்போது போன் வந்தது. விமானம் ஏறும் முன் பூர்ணிமா பேசினாள்.

"அப்பா, நீங்க வர வேண்டாம். என் ஃபிரெண்ட் சஹானா கார் எடுத்துண்டு ஏர்போர்ட்டுக்கு வரா. ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் நியூ டவுன்ல அவ ஆத்துல தங்கறோம். நாளைக்கு வந்து உங்களப் பாத்துட்டுப் போறேன். கோவமாப்பா?"

அவர் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கோவம் என்னம்மா, நல்லதாப் போச்சு. இன்னிக்கு ஆயுத பூஜையில்லையா, வண்டியைப் பூஜைல வெச்சுட்டேன். எடுக்கப்படாது. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுண்டிருந்தேன்."

"அது என்னப்பா சத்தம்?"

"பக்கத்தாத்துல மோட்டார் போட்டிருக்கா."

போனை வைத்த பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. பேட்டரி ஏற இருபது நிமிஷம் ஓட வேண்டும். அவளுக்காகத் துவைத்துப் போட்ட சீட் உறையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு உள்ளே போய் ஸ்பேனரைக் கழுவித் துடைத்தார். புதிதாகப் பொட்டு வைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அவகிட்ட சொல்லிடாதே" என்றார் படத்திடம்.