மச்சானின் வானொலி ஏன் நின்றது

இதை எழுதவே கூடாது என்றுதான் பல வருசம் இருந்தேன். பேனையை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். ஊரே செத்துப்போன காலத்தில் ஒரு வானொலி நின்றதை எழுத வந்துவிட்டான் என்று சனம் சொல்லுமே என்ற பயம். நான் படித்தவனும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தோணிக்குப் போனவன். ஆனால் என் மனைவியின் தம்பியைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை கதைக்கிறார்கள். அதனால் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் மாங்கேணி. சுனாமியென்று கடல் வந்த காலையில் எங்கள் மகள் வாசலில் நின்றாள். பிறகு அவளைக் காணவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இருந்த இரண்டொரு படமும் வீட்டோடு போய்விட்டது. அதுக்கு மறுகா சண்டை வந்தது. ஊரைவிட்டு ஓடி, தேற்றாத்தீவில் மனைவியின் சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள். யார் பேருக்கு அருச்சனை என்று ஐயர் கேட்டால் வாய் திறக்கமாட்டாள். மகளை உயிரோடு இருப்பவள் என்று சொல்வதா, இல்லாதவள் என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு வருவாள்.

மச்சானுக்கு லண்டனில் ஒரு கடையில் சாமான் அடுக்குகிற வேலை. பாட்டென்றால் பைத்தியம். தன் அறைச் சுவரில் போர்வையை ஆணியடித்துச் சத்தத்தை மறைத்து, ஒரு கம்பியூட்டரை வைத்து இன்டர்நெட்டில் வானொலி நடத்தினான். விளம்பரம் இல்லை, வரும்படி இல்லை, ஆசைக்குச் செய்தது. நாங்கள் தேற்றாத்தீவுக்கு வந்த வருசம், கடல் வந்த அதே நாளில், அதே காலைநேரத்தில் ஒரு நிகழ்ச்சி செய்தான். கடலோடு போனவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் போடுவது. எங்கள் மகளுக்கும் ஒரு பாட்டு இருந்தது. எந்நேரமும் அதைத்தான் முணுமுணுப்பாள்.

புளியந்தீவில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒரு கொமினிகேசன் கடையில் போய் அந்த நிகழ்ச்சியைக் கேட்டோம். பெயர் வந்தது, பாட்டு வந்தது. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பேசினாள். "இப்பதான் பிள்ளைக்கு ஏதோ செஞ்ச மாதிரி இரிக்கி" என்றாள். அன்றிலிருந்து அதுதான் மகளுடைய திவசம்.

போர் முடிந்த பிறகு வன்னியில் போனவர்களின் பெயர்களும் வரத் தொடங்கின. நிகழ்ச்சி நீண்டுகொண்டே போனது. எனக்குத் தெரிந்த கணக்கு கோயில் கணக்கு. சனம் கூடினால்தான் திருவிழா, பந்தியில் ஆள் கூடினால்தான் அன்னதானத்துக்குச் சிறப்பு. வானொலியும் அப்படித்தான் என்று நினைத்து, காண்பவரிடமெல்லாம் சொன்னேன்: "கேக்காட்டியும் திறந்து விடுங்க, புண்ணியம்." கனடாவிலும் சுவிசிலும் உள்ள சொந்தக்காரர் வானொலியைத் திறந்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கொமினிகேசன் கடைக்காரர் எல்லாக் கம்பியூட்டரிலும் அதையே போட்டுவிட்டு, "அண்ணன், இந்தக் கரண்ட் பில்லை உங்கட மச்சானுக்கு அனுப்பட்டா?" என்று பகிடி விட்டார்.

ஒருநாள் மச்சான் லண்டனிலிருந்து போன் எடுத்தான். குரல் சரியில்லை.

"அத்தான், இனி ஆக்களைக் கூட்டாதீங்க."

"ஏன்டா? கூட்டம் கூடினா நல்லந்தானே?"

"இது கோயில் இல்ல அத்தான். ஒரு பாட்டை எத்தினை பேர் கேக்கிறாங்களோ அத்தினை பேருக்கும் நான் பாட்டுக்காரருக்கு உரிமைக் காசு கட்டணும். பூட்டின வீட்டில பாடினாலும் அதுவும் ஒரு ஆள்தான்."

"அப்ப கோயில் ஸ்பீக்கருக்குக் கீழ நிண்டு காது எண்ணுறவன் ஆரு?" என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சின்ன வானொலிக்கென்று குறைந்த கட்டணம் ஒன்று இருந்ததாம். அதற்கு ஆள் எல்லை உண்டாம். நாங்கள் கூட்டிக் கொடுத்த ஆட்களால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டானாம். இனிப் பெரிய வானொலிக்காரனுக்கு உள்ள கணக்குத்தான் அவனுக்கும்.

மனைவி போனைப் பறித்தாள். "தம்பி, நான் பாடுறன், அதப் போடு. என்ட வாய்க்கு ஆருக்குடா காசு கட்டணும்?"

"மெட்டுக்கும் சொந்தக்காரன் இரிக்கான் அக்கா."

"பிள்ள பாடக்குள்ள ஒருத்தனும் வந்து கேக்கலையேடா."



பாட்டுச் செய்தவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். என் மீனுக்கு விலை வேண்டுமென்றால் அவன் பாட்டுக்கும் வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஆழ்கடல் வள்ளத்துக்கும் வாவித் தோணிக்கும் ஒரே வரி போட்டால் தோணிக்காரன் எங்கே போவான்?

கேட்கச் சொல்லித் திரிந்த நானே கேட்க வேண்டாம் என்று சொல்லப் போனேன். இரண்டு ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், "முதல்ல உங்கட வீட்டில நிப்பாட்டுங்க, மறுகா இஞ்ச வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவளில் பிழையில்லை. என் மனைவியிடம் அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை.

கடைசி வருசம் மச்சான் பாட்டே போடவில்லை. பெயரைச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டு ஓடுகிற நேரத்துக்குச் சும்மா இருந்தான். "பேசாம இரிக்கிறதுக்குக் காசு கேக்கமாட்டாங்க அத்தான்" என்று முன்னமே சொல்லியிருந்தான். அப்போது எங்களிடம் இன்டர்நெட் போன் வந்துவிட்டது. கொட்டிலுக்குள் இருந்து கேட்டோம். மகள் பெயர் வந்தது. பிறகு இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்குள் மனைவி மெதுவாகப் பாடத் தொடங்கினாள். அவள் பாடி முடிக்கும் முன்னே அடுத்த பெயர் வந்துவிட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள். அது யாரோ வீட்டுப் பிள்ளை.

முன்னைய வருசங்களின் பாக்கிக்காக அவன் கம்பியூட்டரையும் மற்றச் சாமான்களையும் விற்றான். வானொலி நின்றது. வீட்டில் வைத்துக் கேட்கலாமே என்று அந்தப் பாட்டை ஒரு தரம் போனில் எடுத்துக் கொடுத்தேன். மனைவி வாங்கவில்லை. "மத்த ஆக்கள்ட பேருக்குள்ள அவள்ட பேர் வரணும், அதுக்குப் பிறகு பாட்டு வந்தாத்தான் அது அவளுக்கு" என்றாள். இப்போது மார்கழியில் அந்தக் காலை வந்தால் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கோயிலில் அருச்சனைக்குப் பெயர் கேட்டால் இன்னும் பேசாமல்தான் நிற்கிறாள்.

மச்சான் சனத்தின் காசைத் தின்றான் என்கிறார்கள். ஆருக்கோ பயந்து நிறுத்தினான் என்கிறார்கள். இரண்டும் பொய். இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அவனைப் பெரியவனாக்க ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். பாட்டுக்காரரைக் கள்ளராக்கவும் வேண்டாம். ஆட்களைக் கூட்டினது நாங்கள்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.