தெருமுனையில் மண்டிக் கிடந்த கலை

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவனுக்கு மடிப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவன் பெண்டாட்டிக்கே மறந்துவிட்டது. எதிரில் நிற்பவர் காலர் சுருங்கியிருந்தால் பேசிக்கொண்டே நீவி விடுவான். என் வீட்டுக்காரர் செத்தபோது மாலையோடு வந்தவன், அவர் மேல் போர்த்தியிருந்த துணியை நீவிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தான்.

பதினாறு வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்து, படுக்கை விரிப்பாகத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், "சட்டைக்காவது கை இருக்கு, காலர் இருக்கு. விரிப்புக்கு என்ன இருக்கு?" என்று வெளியே வந்தவன். இருபத்திரண்டு வருஷமாக அதே முனை, அதே வண்டி. ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை.

சாலையை அகலப்படுத்தப் போகிறோம், மாதக் கடைசிக்குள் வண்டியை எடு என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. பக்கத்திலேயே நகராட்சியின் காலி மனை. இடுப்பளவு புல், முள், உடைந்த நாற்காலி.

"அந்தக் களையை எடுத்துட்டா வண்டியை உள்ள தள்ளிடுவேன் பெரியம்மா. இல்லைன்னா வேற ஊர்தான். அங்க என் கை யாருக்குத் தெரியும்?"

"மூஞ்சியத் தொங்கப்போடாம மனு எழுதிப் போடுடா."

எழுதினான். ஒவ்வொரு எழுத்தும் தேய்த்து அடுக்கினதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத எனக்கு அழகு தெரிந்ததே தவிர, தப்பு தெரியவில்லை.

அரிவாளோடு ஆள் வருமென்று பார்த்தால் கேமராவோடு வந்தார்கள். அதிகாரி அம்மா ஒருத்தி, கையில் சுருட்டிய வரைபடத்தோடு ஒரு இன்ஜினியர்.

"கலை எங்கங்க இருக்கு?"

"இதோ, பூரா அதானேம்மா. கால் வைக்க இடமில்லை."

"இது புல்லு!"

"ஆமாம்மா. வேரோட எடுக்கணும்."

"கலையை ஏங்க எடுக்கணும்? வளர்க்கத்தானே வந்திருக்கோம்."

"வளர்க்கறதா? ஒரு மழைக்கே இடுப்புக்கு வந்துடுச்சு!"

அதிகாரி மனுவை விரித்துப் படித்தாள். 'எங்கள் தெருமுனையில் கலை மண்டிக் கிடக்கிறது. உடனே ஆள் அனுப்பவும்.' படித்து முடித்ததும் அவளுக்கே விஷயம் புரிந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "குண்டு ள போட வேண்டிய இடத்துல சின்ன ல போட்டிருக்கீங்க."

வார்டுக்கு ஒரு மூலையைப் பிடித்து, பெஞ்ச், நிழல் கூரை, குடிதண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாம் போட்டு, தெருக்காரர்களையே சுவரில் படம் வரையவைத்து, ஜனங்கள் கூடும் இடமாக்குவது அவர்கள் திட்டமாம். "சாக்கடை, குப்பை, கொசுன்னு கட்டுக்கட்டா மனு வந்துச்சு. கலைன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். தப்போ சரியோ, இந்த இடம்தான்."

மடிப்புக்கு வாயெல்லாம் பல். "அப்ப என் வண்டி எந்தப் பக்கம்மா?"

இன்ஜினியர் வண்டி மேலேயே வரைபடத்தை விரித்துக் காட்டினார். பெஞ்ச் இருந்தது, குழாய் இருந்தது, நாலு பூந்தொட்டிகூட இருந்தன. வண்டி இல்லை.

"கரி, புகை... அழகா இருக்காதுங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்யா, பெஞ்சைப் போட்டா மட்டும் ஜனம் வந்து உக்காந்துடுமா? ரெண்டு தெரு தள்ளி பூங்கான்னு ஒண்ணு கட்டினீங்களே, அதுல நாய்தான் குடும்பம் நடத்துது. இங்க நாலு பேர் நின்னு பேசறது இவன் வண்டிகிட்டதான். என் மருமக என்னைப் பத்தி என்னென்ன சொன்னாங்கறதே எனக்கு இங்கதான் தெரியும்!"

"பெரியம்மா சொல்றதும் நியாயம்தான்," என்று அதிகாரி இழுத்தாள்.

"படம் போட்டு முடிச்சாச்சுங்களே," என்றார் இன்ஜினியர்.

அந்தப் படமோ விரிக்க விரிக்கச் சுருண்டது. மடிப்புக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கையை எடுங்க சார்" என்று மேலே ஈரத்துணியைப் பரப்பி, பெட்டியை எடுத்து ஒரே இழுப்பு. காகிதம் பலகை மாதிரி படிந்தது. அதிகாரி வாயைப் பிளந்தாள். அவள் பார்ப்பதை இவன் பார்த்துக்கொண்டு நின்றதில் பெட்டி ஒரு கணம் கூடுதலாக அங்கேயே நின்றுவிட்டது. துணியைத் தூக்கினால், பூந்தொட்டிகளின் மேல் பழுப்பாக இஸ்திரிப் பெட்டியின் அச்சு.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கருகல். மடிப்பு முகம் வெளுத்தது. இன்ஜினியர் முகம் சிவந்தது.

"என்னங்க இது?"

"தெரியலையா? அதான் அவன் வண்டி நிக்கற இடம்," என்றேன்.

அதிகாரி சிரித்த சிரிப்பில் புதரிலிருந்து ஓணான் ஒன்று ஓடியது. பேனாவை வாங்கிக் கருகலைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். "இதுக்கு மேல கூரை, புகை போக ஒரு குழாய். தொட்டியைத் தள்ளி வைங்க" என்று ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஆள் வந்து களையை எடுத்து, மாதக் கடைசிக்கு முதல் நாள் வண்டியை உள்ளே தள்ளினோம். பெஞ்சும் கூரையும் பிறகுதான் வந்தன. சுவரில் மடிப்பின் பெண்டாட்டி ஒரு படம் வரைந்திருக்கிறாள். மயில் என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். நாய்க்குத்தான் இப்போது பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை.

"ஏண்டா, நிஜமாவே கை தவறிடுச்சா, இல்ல வேணும்னே வச்சியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "பெட்டியில சூடு சரியாத்தான் இருந்துச்சு பெரியம்மா."